நாலாம் நம்பருக்கு வெந்நீர்

சென்னை
3 ஜூன் 2024

ரோகிணிக்கு,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்து நாலு மாதம் ஆகப் போகிறது. அறுபத்திரண்டு வயதில், டூ விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டுத்தானே வாங்க வேண்டும், வரவில்லை என்று சொல்ல முடியாது.

சண்டை போட எழுதவில்லை. என் புத்தகம் முடியும் தறுவாயில் இருக்கிறது. இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் தாங்களாகவே சேர்ந்து, சம்பளம் வாங்காமல் நடத்திய துரைமார் தொண்டர் துப்பாக்கிப் படையின் ஆயுதங்களைப் பற்றியது. முதலில் ஒரு தோட்டா மட்டும் போடுகிற மார்ட்டினி, அப்புறம் லீ மெட்ஃபோர்டு, கடைசியில் லீ என்ஃபீல்டு. எது எந்த வருடம் வந்தது, எந்தத் தோட்டத்துக்கு எத்தனை போனது, கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் என்ன எண் என்று பதினோரு வருடம் அலைந்து சேர்த்திருக்கிறேன். ஊரில் இருந்துகொண்டு குறை சொல்கிறவர்களுக்கு இந்த உழைப்பு புரியாது.

நாம் பிறந்த ஊசிப்பாறைத் தோட்டத்துக்கு மட்டும் தகவல் போதவில்லை. அங்கே ஆறு துப்பாக்கிகள் இருந்தன. பங்களாவின் ஆயுத அறையில் அவற்றைத் துடைத்து வைத்தவர் அப்பா. அவர் எழுதிய நோட்டு உன் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கிறது. நீ அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய். எனக்கு அனுப்பு. செப்டம்பரில் உன் ஊருக்குப் பக்கத்தில் கொடைக்கானலிலேயே வெளியீட்டு விழா. வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமானால் நீயும் வரலாம்.

ஞானவேல்


பெருமாள்மலை
11 ஜூன் 2024

ஆய்வாளர் அண்ணனுக்கு,

தபால் வந்தது. போஸ்ட்மேன் கோகுல்ராஜ், "என்ன டீச்சர், கோர்ட்டு நோட்டீசுங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டான். அதைவிடக் கேவலமான சமாச்சாரம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் தடுத்து வைத்தேன் என்று தெரியாதவன் மாதிரி எழுதுகிறாய். பிப்ரவரியில் இங்கே கொடைக்கானல் ஹோட்டல் மண்டபத்தில், டை கட்டிக்கொண்டு, ரிட்டயரான பெரிய மனிதர்கள் நாற்பது பேருக்குத் துப்பாக்கிப் படம் காட்டினாய். "எவ்வளவு அழகான ஆயுதம் பாருங்கள்" என்றாய். திரையை முத்தமிடாததுதான் பாக்கி. நான் எழுந்து, "அந்த அழகான ஆயுதந்தாங்க எங்க பெரியப்பாவக் கொன்னுச்சு" என்றேன். நீ மைக்கில், "என் தங்கைக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றாய். நாற்பது பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்திய எனக்கு அன்றைக்குப் பைத்தியக்காரப் பட்டம்.

மறந்திருந்தால் சொல்கிறேன். 1947 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த சனம் ஊசிப்பாறைப் பங்களா வாசலில் நின்றது. முன்னால் நின்றவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், மணியன் பெரியப்பா. மார்பில் ஒரே குண்டு. மறுநாள் விசாரணை. துரைமார் துப்பாக்கி ஆறும் சுத்தமாக இருக்கின்றன என்றார்கள். கரி பிடித்திருந்தது ஒன்றே ஒன்று, தோட்டத்தில் கடை வைத்திருந்த பாசித் ராவுத்தருடையது. அவர் அன்று காலை பன்றி விரட்டச் சுட்டிருந்தார். வேலைநிறுத்தக்காரர்களுக்கு அரிசி கொடுத்தவர் என்று துரைக்கு அவர் மேல் ஏற்கெனவே காய்ச்சல். கொன்றது ராவுத்தர் என்று ஏழு வருடம் உள்ளே தள்ளினார்கள்.

அந்த ராவுத்தரின் மகன் சம்சுல் ஆலம்தான் இங்கே ஜங்ஷனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நீ விழாவுக்கு வரும்போது உன் கார் அந்தக் கடையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

மார்ச் 9 பற்றி உன் புத்தகத்தில் என்ன இருக்கிறது? அதை எழுது. நோட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ரோகிணி


சென்னை
20 ஜூன் 2024

ரோகிணிக்கு,

கேட்டதால் சொல்கிறேன். என் முதல் அத்தியாயத்தின் முதல் வரி: "இப்படை தன் வரலாற்றில் ஒரு தொழிலாளியையும் நோக்கிச் சுட்டதில்லை." ஊசிப்பாறைச் சம்பவத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறேன். ராவுத்தர் பெயரும் உண்டு. தீர்ப்பில் இருப்பதை எழுதாமல் உன் கற்பனையையா எழுத முடியும்?

தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டு அடுப்பங்கரையில் பேசியதெல்லாம் வரலாறு ஆகாது. ஆதாரம் வேண்டும். பெரியப்பா உடம்பைத் துளைத்துப் போன குண்டு கிடைக்கவே இல்லை. சன்னம் சிதறுகிற ராவுத்தர் துப்பாக்கியிலும் ஒற்றைக் குண்டு போட்டுச் சுடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆறு துப்பாக்கியின் குழலையும் அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். தூசு இல்லை.

அதோடு ஒரு சாட்சியும் உண்டு. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், நீதான் வாயைக் கிளறுகிறாய். கொழும்பில் ஒரு நண்பர் அந்த விசாரணைக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினார். "மார்ச் முதல் தேதி குறிபார்க்கும் பயிற்சிக்குப் பிறகு எந்தத் துப்பாக்கியும் அறையை விட்டு வெளியே போகவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை." சொன்னவர் ஆயுத அறை வேலையாள் சுருளியப்பன். நம் அப்பா. செத்தது அவருடைய சொந்த அண்ணன். துரை மேல் தப்பிருந்தால் அப்படிச் சாட்சி சொல்லியிருப்பாரா? யோசித்துப் பார், யோசிக்கும் பழக்கம் இருந்தால்.

ஞானவேல்


பெருமாள்மலை
1 ஜூலை 2024

அண்ணனுக்கு,

நீ அனுப்பிய விஷயத்தை மூன்று நாள் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. என்னவோ எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இங்கிலீஷில் எழுதிய காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள்? உன்னை மாதிரி ஒரு டை கட்டிய ஆளா?

உன் முகத்தில் அடிப்பதற்காகவே பெட்டியைத் திறந்தேன். நோட்டை அனுப்ப மாட்டேன். 1947-ம் வருடத்துப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். உன் அதிகாரி, உன் நண்பர், உன் ஆதாரம் எல்லாரையும் விட இந்தக் கையெழுத்து பெரியது. துப்பாக்கி வெளியே போயிருந்தால் அப்பா இதில் எழுதியிருப்பார். செய்த வேலையை எழுதி வைக்காமல் படுக்கப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

நான் பார்த்த வரைக்கும் உருப்படியாக எதுவும் இல்லை. தேதி, நம்பர், எண்ணெய். தேதி, நம்பர், எண்ணெய். நடுவில் இந்த வெட்கங்கெட்ட துரைகள் குளிப்பதற்கு வெந்நீர் வைத்ததைக்கூட எழுத வைத்திருக்கிறார்கள். மாதத்தில் முதல் சனிக்கிழமை ஆறு பேருக்கும் வெந்நீர். அதோடு அடுத்த மாதம்தான். மாதம் ஒருமுறை குளிக்கிற கூட்டத்தைத்தான் நீ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாய்! மார்ச் மாதத்தில் மட்டும் நாலாம் நம்பர் துரை இரண்டு தடவை குளித்திருக்கிறார். யாரோ விருந்தாளி வந்திருப்பார்கள் போல.

நம் அப்பா மார்கழி மாதத்துப் பெருமாள்மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்த மனுஷன். ஒருநாள்கூட வெந்நீர் கேட்டதில்லை. அவர் உடம்பு இரும்பு என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவரை அந்த அழுக்குப் பிடித்தவர்களுக்குப் பொய்ச் சாட்சி ஆக்குகிறாய்.

ரோகிணி


சென்னை
12 ஜூலை 2024

ரோகிணி,

ஜெராக்ஸ் கிடைத்தது. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அது குளிக்கிற வெந்நீர் இல்லை.

அந்தக் காலத்துத் தோட்டா மருந்தில் ஒரு வகை உப்பு உண்டு. சுட்டால் குழலுக்குள் போய்ப் படியும். எண்ணெய்க்கு அது கரையாது. கொதிக்கிற தண்ணீரைக் குழல் வழியாக ஊற்றி, அப்புறம் துணி விட்டு எடுத்தால்தான் போகும். இல்லையென்றால் ஒரு ராத்திரியில் துரு ஏறிவிடும். மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தப் படைக்குக் குறிபார்க்கும் பயிற்சி. ஆறு பேரும் சுடுவார்கள். அதனால்தான் அன்றைக்கு ஆறுக்கும் வெந்நீர். மற்ற நாளில் வெறும் எண்ணெய். சுடாத துப்பாக்கிக்கு வெந்நீர் ஊற்றுகிறவன் உலகத்தில் கிடையாது.

மார்ச் 1, சனிக்கிழமை: ஆறுக்கும் வெந்நீர். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை: நாலாம் நம்பருக்கு மட்டும் வெந்நீர். மார்ச் 10 விசாரணை.

நாலாம் நம்பர், பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்கார அதிகாரியான சின்னத்துரையுடையது. அது என் பட்டியலிலேயே இருக்கிறது. பதினோரு வருடம் சேர்த்த பட்டியல். நான் எழுதிய முதல் வரி பொய். நீ அந்த மண்டபத்தில் எழுந்து சொன்னது நிஜம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆனால் நீ கொண்டாடிவிடாதே. அதைக் கழுவியவர் யார் என்று யோசி. அண்ணன் உடம்பு வாசலில் கிடக்கும்போது, கொன்ற துப்பாக்கிக்கு உள்ளே வெந்நீர் ஊற்றியவர் அப்பா. மறுநாள், வெறும் எண்ணெய்தான் என்று சாட்சி சொன்னவரும் அப்பா. ராவுத்தர் ஏழு வருடம் உள்ளே போனது அந்த ஒரு சொல்லால்.

ஊசிப்பாறை அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன். நீ அந்த நோட்டை அடுப்பில் போடு. செத்தவரை இழுத்து நடுத்தெருவில் நிறுத்த வேண்டாம்.

ஞானவேல்


பெருமாள்மலை
19 ஜூலை 2024

அண்ணனுக்கு,

உன்னை நம்பவில்லை. துப்பாக்கி என்றால் நீ என்ன வேண்டுமானாலும் அளப்பாய். அதனால் துப்பாக்கியோடு வாழ்கிற ஆளிடமே கேட்டுவிடலாம் என்று பூம்பாறைக்கு முதல் பஸ் ஏறினேன். என்னிடம் படித்த செல்வமுருகன் அங்கே பூண்டு போடுகிறான். பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. தேர்தலுக்காக ஸ்டேஷனில் கொடுத்து வைத்திருந்தது போன மாதம்தான் அவன் கைக்குத் திரும்ப வந்ததாம்.

"என்ன டீச்சர், வெள்ளனே வந்து துப்பாக்கியப் பத்திக் கேக்குறீங்க? புருசன் பொஞ்சாதி சண்டைகூட உங்களுக்கு இல்லையே" என்று சிரித்தான். எப்போது எண்ணெய், எப்போது வெந்நீர் என்று கேட்டேன்.

"சும்மா கெடக்குற துப்பாக்கிக்கு எண்ணெ போதுங்க. சுட்டாத்தான் வெந்நி. ஊத்துனா கறுப்பா வரும், வெள்ளத் தண்ணி வார வரைக்கும் ஊத்தணும். எங்க ஊருல எவன் வீட்டு வாசல்ல கறுப்புத் தண்ணி ஓடுதோ அவந்தான் பன்றிய அடிச்சவன்னு பாரஸ்டுகாரனே கண்டுபிடிச்சிருவான்."

அவன் பொண்டாட்டி டீ கொடுத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

அப்பா ஏன் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தார் என்று திரும்பி வருகிற பஸ்ஸில் தெரிந்தது. அவர் உடம்பு இரும்பு என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேனே, என்னை மாதிரி மடச்சி உண்டா? வாத்திச்சி வேலை பார்த்தவள், அந்த நோட்டை இருபத்தாறு வருடம் வீட்டில் வைத்துக்கொண்டு, துரை குளித்தார் என்று உனக்குக் கேலிக் கடிதம் எழுதியிருக்கிறேன். விசாரணையில் பொய் சொன்ன மனுஷன் நோட்டில் மட்டும் பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செய்த வேலையை எழுத வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கோழை. ஆமாம், எழுதிவிட்டேன். நம் அப்பா கோழை.

இந்தியாவுக்கு வந்தபோது நீலகிரியில் வேலையும் வீடும் தருகிறோம் என்றார்களே, பெருமாள்மலைக்குத்தான் போவேன் என்று ஏன் ஒற்றைக்காலில் நின்றார்? விடுதலையாகி வந்த ராவுத்தர் இங்கே கடை போட்டிருக்கிறார் என்று தெரிந்துதானே? சாகிற வரைக்கும் ஒரு தீப்பெட்டிகூட வேறு கடையில் வாங்க விடவில்லை. நட்பு என்று நினைத்தோம்.

நோட்டை எரிக்க மாட்டேன். நீ அத்தியாயத்தை எடுக்கவும் கூடாது. துரை மேல் தப்பில்லை என்று எழுத அரைப் பக்கம் இருந்தது, தப்பு என்று தெரிந்ததும் பக்கமே இல்லையா? நல்ல ஆராய்ச்சி.

ரோகிணி


சென்னை
29 ஜூலை 2024

ரோகிணி,

நீ சொல்வது சரி. அத்தியாயம் இருக்கும். சின்னத்துரை பெயர், துப்பாக்கி எண், தேதி எல்லாம் போடுகிறேன். ராவுத்தர் குற்றவாளி இல்லை என்றும் தெளிவாக எழுதுகிறேன். விழா நடத்த ஒப்புக்கொண்டவர்களிடம் சொன்னேன். மண்டபத்துக்கு அந்தத் தேதியில் வேறு நிகழ்ச்சி இருப்பதாக மறுநாளே பதில் வந்தது. பிப்ரவரியில் எழுந்து நின்று கைதட்டிய அதே ஆட்கள்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். "துப்பாக்கியைப் பங்களா வேலையாள் ஒருவர் கழுவினார்" என்று எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவருக்கு இருபத்தைந்து வயது. துரை கொண்டுவந்து கையில் கொடுத்தால் கழுவுவதுதான் அவர் அறிந்த வேலை. கழுவ மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் அண்ணன் கதிதான் ஆகியிருக்கும். எப்படியும் ராவுத்தர் பெயர் சுத்தமாகிவிடும். அப்பா பெயரைப் போட்டு யாருக்கு என்ன லாபம்?

ஞானவேல்


பெருமாள்மலை
10 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

உன் கேள்வியை நான் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க உரிமை உள்ளவரிடம் கொண்டுபோனேன்.

நேற்று மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில் நோட்டையும் உன் கடிதத்தையும் சம்சுல் அண்ணன் முன்னால் வைத்தேன். வாயால் சொல்ல முடியவில்லை, படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். நடுவில் பருப்பு கேட்டு வந்த ஆளுக்கு நிறுத்துக் கொடுத்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"தெரியும் தங்கச்சி" என்றார். "அத்தாவுக்கு அப்பவே தெரியும். சுட்ட அன்னைக்கே போலீசு அவரக் கூட்டிட்டுப் போறப்ப, உங்கப்பா பங்களா பின்னால கொதிக்கிற கெண்டியோட நின்னதப் பாத்துருக்காரு. கோர்ட்டுல சொல்லிப் பாத்தாரு, எவன் கேக்குறான்?"

அப்புறம் எதற்கு இருபத்தோரு வருடம் எங்களுக்குச் சாமான் கொடுத்தார் என்று கேட்டேன்.

"உங்கப்பா தெனமும் வருவாருல்ல, ஒரு பொட்டலம் காப்பித்தூளு, ஒரு தீப்பெட்டின்னு. ஒண்ணா வாங்கிட்டுப் போகலாம்ல? போகமாட்டாரு. அத்தா ஒரு வார்த்த பேசாம எடுத்துக் குடுப்பாரு. அவரும் பேசமாட்டாரு, நின்னுட்டுப் போவாரு. ஏன் அந்தாளுக்குச் சாமான் குடுக்குறீகன்னு எங்கம்மா ஆமினா சண்ட போடும். 'வரட்டும். இன்னைக்குச் சொல்லிருவான்'னுவாரு அத்தா. மவுத்தாகுற அன்னைக்குக் காலையிலகூட, சுருளி வந்துட்டுப் போனானான்னு கேட்டாரு. வந்தாருன்னேன். ஏதாச்சும் சொன்னானான்னாரு. தீப்பெட்டி கேட்டாருன்னேன்."

அண்ணா, நான் அந்தக் கடையில் நின்று அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

பெயர் போடலாமா என்று கேட்டேன். "எங்கத்தா பேரு பேப்பர்ல வந்துச்சு தங்கச்சி, ஊரு பேரு, கடை பேரு எல்லாம் போட்டு. அப்ப எவனும் பேரு வேணாம்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு நோட்டை என் கையில் கொடுத்தார்.

ஆகவே பெயரைப் போடு. சுருளியப்பன், ஊசிப்பாறைத் தோட்டம், இன்னார் தகப்பன் என்று உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போடு. "வேலையாள் ஒருவர்" என்று எழுதினாயானால், அந்த நாலாம் நம்பருக்கு இன்னொரு கெண்டி வெந்நீர் ஊற்றுகிறவன் நீதான். அப்பாவுக்காவது எதிரே துரை நின்றான். உனக்கு எதிரே யார் நிற்கிறார்கள்?

ரோகிணி


சென்னை
18 ஆகஸ்ட் 2024

ரோகிணி,

முதல் அத்தியாயத்தின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "1947 மார்ச் 9 அன்று ஊசிப்பாறைத் தோட்டத்தில் மணியன் என்ற தொழிலாளியைச் சுட்டது இப்படையின் நான்காம் எண் துப்பாக்கி, அதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கழுவவில்லை என்று சாட்சி சொல்லி, பாசித் ராவுத்தரை ஏழு ஆண்டு சிறைக்கு அனுப்பியவர் என்னையும் என் தங்கை ரோகிணியையும் பெற்ற சுருளியப்பன்."

அச்சுக்குப் போவதற்கு முன்னால் இதைச் சம்சுல் அண்ணனிடம் நானே நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். தபாலில் அனுப்புவதாக இல்லை. செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ ஜங்ஷனுக்கு வர வேண்டாம், கூட வந்து நிற்கவும் வேண்டாம்.

அவர் எத்தனை மணிக்குக் கடைக்கு வருவார் என்று மட்டும் எழுது.

ஞானவேல்